முனீஸ்வரன் பங்கு

“ஊது” என்றான் தர்மன்.

ஜெயப்ரியா அப்போதுதான் ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆடிக்காற்று வைக்கோல் தூசியை வாரிக்கொண்டு வந்து வாசலெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து போன் வந்தபோது தர்மன் சொர்ணவாரி நெல் அறுப்பில் இருந்தான். தூக்கிய கதிர்க்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவன், காலில் சேறு காய்ந்து வெடிக்கிறவரை வாசலிலேயே நின்றிருந்தான்.

“இன்னாப்பா?”

“வாய ஊதுன்னேன். காதுல வுழல?”

ஹெல்மெட்டைக் கழற்றினாள். கல்யாண வயதில் இருக்கிற பெண், தெருவில் போகிறவர்கள் பார்க்க, தகப்பன் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து ஊதினாள். எங்கள் ஊர் கூரத்தில் அந்த வாசனையைத் தர்மனைவிட நன்றாக அறிந்த மூக்கு வேறு கிடையாது. காலையில் தின்றுவிட்டுப் போன எலுமிச்சைச் சோற்று வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகத்துக்கு ஒருமுறை பாய் போட்டுவிட்டால் அது லேசில் எழுந்து போகாது.

“இன்னிக்கி இல்ல, சரி. நேத்து?”

“அப்பா, அது என்து இல்ல. எத்தினி வாட்டி சொல்றது? யாரு வெச்சாங்கன்னே தெரியல.”

“வண்டி உன்து. சாவி உன் கையில. பாட்லு தானா நடந்து வந்து சீட்டுக்கு அடியில பூந்துக்கிச்சா?”

“சீட்டு லாக்கு ஒடஞ்சி எத்தினி மாசம் ஆவுது? செஞ்சித் தரேன் செஞ்சித் தரேன்னு நீதான் சொல்லிக்கினே இருக்கிற. யார் வேணா தெறக்கலாம்.”

யார் வேண்டுமானாலும் என்று சொல்லும்போது அவள் அவனைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குப் புரியவில்லை.

நடந்தது இதுதான். ஏனாத்தூர்ப் பக்கம் அவள் படிக்கிற பல்கலைக்கழகத்தில் போன பருவத்தில் விடுதி அறை ஒன்றில் கஞ்சாப் பொட்டலம் அகப்பட்டது. பேப்பரில் வந்து, டிவியில் வந்து, பேர் சந்தி சிரித்துவிட்டது. அன்றிலிருந்து கேட்டில் பையைத் திற, சாப்பாட்டு டப்பாவைத் திற, வண்டி சீட்டைத் தூக்கு என்று ஒரே கெடுபிடி. அன்று காலை ஜெயப்ரியாவின் சீட்டைத் தூக்கினால், மழைக்கோட்டுக்கு அடியில் பழைய பேப்பரில் சுற்றிய பிராந்திக் குவார்ட்டர் ஒன்று இருந்தது. மூடிகூடத் திறக்காதது. விதியைத்தான் சுவருக்குச் சுவர் ஒட்டி வைத்திருக்கிறார்களே. பையிலோ அறையிலோ வண்டியிலோ மதுவோ போதைப்பொருளோ இருந்தால், திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒரு வருடம் வெளியே நிற்க வேண்டியதுதான். வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனி முன்னாலும் உட்கார முடியாது. ஜெயப்ரியா பி.இ. கடைசி வருடம். வருகிற திங்கட்கிழமை ஒரு பெரிய கம்பெனி வருகிறது. எழுத்துத் தேர்வில் தேறி இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிறவர்களில் அவளும் ஒருத்தி. அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவையும் ஜெயப்ரியாவின் அம்மா துளசி உள்ளே இருந்து கேட்டாள். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவருக்குப் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவளுடைய பகல் வேலை. ராட்டை நின்றுவிட்டது. பட்டு இழை கையில் அறுந்து தொங்கியது. முடிச்சுப் போடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாட்டில் அவளுடையது.

துளசி குடிக்கிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடித்தவன் தர்மன். சும்மா குடிக்கவில்லை, பால் சொசைட்டிக்குக் கேனோடு போனவன் கேனும் இல்லாமல் வேட்டியும் இல்லாமல் திரும்புகிற அளவுக்குக் குடித்தான். ஜெயப்ரியா ஏழாவது படிக்கும்போது துளசி பொறுக்க முடியாமல் ஏரிக்கரை முனீஸ்வரனிடம் போய் நின்றாள். எங்கள் பக்கத்தில் முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் வைத்துத்தான் படைப்பது. படைத்து முடிந்ததும் ஆண்கள் அந்தச் சாராயத்தைப் பனைமரத்தடியில் பங்கு போட்டுக்கொள்வார்கள். துளசி சாமியிடம் ஒரு பேரம் பேசினாள். “இவரு பங்க நீ குடிச்சிக்கோ சாமி. வருசா வருசம் ஆடி வெள்ளிக்கி ஒரு பாட்லு, ஒருத்தருக்கும் ஒரு சொட்டு குடுக்காம உன் காலடியில ஊத்துறேன். இவர வுட்ரு.”

அந்த வருடமே தர்மன் விட்டான். மஞ்சள் காமாலை வந்து படுத்து, கை கால் உதறி, வாய் குழறி, பிழைத்து எழுந்தவன் அப்புறம் தொடவில்லை. மாத்திரையும் இல்லை மந்திரமும் இல்லை, மனசுதான் என்று சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வான். அவனுக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். துளசி அதைக் கெடுக்கவில்லை. வேண்டுதலை வெளியில் சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், வருடத்துக்கு ஒருநாள் வீட்டில் பாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் இவன் கை சும்மா இருக்குமா என்பது. அவன் விட்டு எத்தனை வருடமானாலும் அவளுக்கு அந்தச் சந்தேகம் மட்டும் விடவில்லை.

பாட்டில் வாங்கித் தருவது அவள் தம்பி குப்புசாமி. செவிலிமேட்டில் ஆட்டோ ஓட்டுகிறான். முந்தின நாள் சாயங்காலம் வந்தபோது தர்மன் வாசலிலேயே மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். பாட்டிலை அக்கா கையில் கொடுக்க வழியில்லை. லாக் உடைந்த ஸ்கூட்டி சீட்டுதான் அகப்பட்டது. அதற்குள் செருகிவிட்டு அக்காவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். காலையில் தர்மன் பாலை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் எடுத்து நெல் குதிருக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று துளசி இருந்தாள். இன்டர்வியூவுக்குப் பயிற்சி என்று ஜெயப்ரியா அன்றைக்குப் பார்த்து முன்னாடியே கிளம்பிவிட்டாள். துளசி சாணிக் கூடையை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தால் வண்டி இல்லை. மழை வராமல் இருக்கட்டும், மழைக்கோட்டை எடுக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே தார் சுற்ற உட்கார்ந்தாள். கேட்டில் சோதனை போடுவார்கள் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும்.

“ஜோசுவான்றது யாரு?” என்றான் தர்மன். அவள் குளிக்கப் போயிருந்தபோது போனை எடுத்துப் பார்த்திருக்கிறான்.

“என் போன நோண்டினியா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“கிளாஸ்மேட்டு. ஒண்ணா ப்ராஜெக்ட் பண்றோம்.”

“அவன் வெச்சிருப்பானா?”

“அவன் சர்ச்சுல பாட்டு பாடுறவன்பா. டீகூடக் குடிக்க மாட்டான்.”

“பாட்டு பாடுறவன் குடிக்க மாட்டான்னு எவன் சொன்னான்?”

துளசி குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். தட்டு நிரம்பி வழிந்தது. “ஏங்க, பொண்ணு சொல்லுதுல்ல. எவனோ வெளாட்டுக்கு வெச்சிருப்பான்” என்றாள்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கு இன்னா தெரியும். சொல்றேன்.”

ஜெயப்ரியா தலையைக் குனிந்து களியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறொரு நாள் நினைவுக்கு வந்தது. ஏழாவது படிக்கும்போது கணக்கு டீச்சர் அவள் பையைக் கவிழ்த்தார். நோட்டுகளோடு பாதி குடித்த பாட்டில் ஒன்றும் மேசைமேல் உருண்டது. அம்மா கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அப்பா அவள் பைக்குள் ஒளித்து வைத்தது. வகுப்பே சிரித்தது. அன்றைக்கும் யார் வைத்தது என்று கேட்டார்கள். அன்றைக்கும் அவள் தெரியாது என்றுதான் சொன்னாள். அப்பா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். அழுகைதான் வந்தது. காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் துளசி போன் போட்டு வரவழைத்த குப்புசாமி மாட்டுக் கொட்டகை ஓரம் நின்று கிசுகிசுத்தான்.

“க்கா, நான் வந்து சொல்லிட்றேன். ஆட்டோக்காரன் பாட்லுன்னா எவன் கேக்கப் போறான்?”

“அப்பா அம்மாதான் வரணும்னு சொல்லிக்கிறாங்கடா. நீ போயி இன்னான்னு சொல்லுவ? எங்க மாமனுக்குத் தெரியாம வெச்சேன்னா, இன்னாத்துக்குன்னு கேப்பாங்க. அவரு பக்கத்துலயே குந்தியிருப்பாரு.”

“அப்ப மாமாகிட்ட இப்பவே சொல்லிடு.”

“சொல்றேன். எனக்கே சொல்லணும்னுதான் கீது. வாய் வர மாட்டேன்து.”

தர்மன் கொட்டகைக்குள் வந்தான். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். குப்புசாமி எதற்கோ கன்றுக்குட்டியின் முதுகைத் தடவினான்.

“இன்னா மச்சான், அக்காவும் தம்பியும் கன்னுக்குட்டிகிட்ட ரகசியம் பேசுறீங்க?”

“ஒண்ணியும் இல்ல மாமா. சும்மா வந்தேன்.”

“நேத்தும் சும்மா வந்த. இன்னிக்கும் சும்மா வந்துக்கிற. டீசல் சும்மாவா ஊத்துறான்?”

பெண் விஷயம் ஏதோ இருக்கிறது, அம்மாவும் மாமனும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று தர்மன் நினைத்துக்கொண்டான். அவள் குடிக்கத்தான் செய்கிறாள், தன் ரத்தம்தானே என்றும் நினைத்தான். அந்த நினைப்பு அவனைப் போட்டு அரைத்தது. தான் விட்டது மகளுக்குப் போய் ஒட்டிக்கொண்டதாகவே அவனுக்குப் பட்டது. அந்த வீட்டில் மூன்று பேரும் மற்ற இருவரை வேவு பார்த்துக்கொண்டே படுத்தார்கள்.

மறுநாள் காலை பாலை ஊற்றிவிட்டு, துவைத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு தர்மன் கிளம்பினான். மூன்று பேரும் குப்புசாமி ஆட்டோவில் போனார்கள். ஒழுங்குக் குழுத் தலைவர் முரளீதரன் என்கிற பேராசிரியர். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. கோபக்காரர் இல்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மேசைமேல் அந்தப் பாட்டில் இருந்தது. ஏசிக் குளிரில் துளசி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“உட்காருங்கோ” என்றார். “நல்லாப் படிக்கிற பொண்ணு. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணு. போன மாசம் இதே மாதிரி ஒரு பையனை வெளியில அனுப்பியிருக்கோம். அவளுக்குத் தெரியாம வேற யாரோ வெச்சான்னா, அந்த யாரோ எனக்கு வேணும். பேர் இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“எனக்குத் தெரியாது சார்” என்றாள் ஜெயப்ரியா.

“இதையேதான் நேத்துலேர்ந்து சொல்றே.”

துளசி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அதற்குள் தர்மன் எழுந்து நின்றுவிட்டான்.

“என்துங்க.”

குழுவில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நான் குடிக்கிறவனுங்க. ஊட்டுல தெரியாம இருக்கணும்னு வண்டியில சொருவி வெச்சேன். பொண்ணு காலையில எடுத்துக்கினு வந்துட்ச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தாங்க.”

முரளீதரன் அவன் முகத்தைப் பார்த்தார். பழைய குடி விட்டுப்போன கன்னத்துக் குழியையும், கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பையும் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. ஒரு பொய்யை அவ்வளவு சீக்கிரம் யாரும் நம்பி அந்த அறை கண்டிருக்காது.

“இல்லீங்க” என்றாள் துளசி. “அவரு பொய் சொல்றாருங்க. அது நான் வாங்கினதுங்க. சாமிக்கு. முனீஸ்வரனுக்கு வேண்டுதலு. இவரு குடிய வுடணும்னு வேண்டிக்கினு வருசா வருசம் ஊத்துறேன். இவரு வுட்டு ஒம்போது வருசம் ஆவுதுங்க. ஒரு சொட்டு தொடலீங்க. என் தம்பிதான் வண்டியில வெச்சான்.”

தர்மன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசி முடித்தாள்.

“அம்மா” என்றார் முரளீதரன், மெதுவாகத்தான். “நீங்க புருஷனைக் காப்பாத்தணும்னு சொல்றேள், எனக்குப் புரியறது. சாமி பேரைச் சொல்லாம இந்த ரூமுக்கு யாரும் வந்ததில்லை. கஞ்சா வெச்சிருந்தவன்கூட சிவன் பிரசாதம்னான். உங்க வீட்டுக்காரர் தைரியமா உண்மையைச் சொல்லியிருக்கார். அதைக் கெடுக்காதீங்கோ.”

“நெசமாத்தாங்க சொல்றேன். சாமி மேல சத்தியமா.”

“துளசி, கம்முனு இரு” என்றான் தர்மன்.

முடிவு சொன்னார்கள். ஜெயப்ரியாவுக்கு எச்சரிக்கை மட்டும். திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போகலாம். வண்டி இனி வளாகத்துக்குள் வரக் கூடாது, பஸ்ஸில் வர வேண்டும். தகப்பன் குடிபோதை மறுவாழ்வு மையத்துக்கு வாராவாரம் போய்ச் சீட்டு வாங்கி மகள் மூலம் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் பழைய தண்டனை. தர்மன் கையெழுத்துப் போட்டான். முரளீதரன் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டி, “மனசு வெச்சா விட்டுடலாம்” என்றார். தினமும் சொசைட்டியில் தர்மன் அடுத்தவனுக்குச் சொல்கிற வாக்கியம் அது. அவன் தலையாட்டினான்.

வெளியே வந்து கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றார்கள். குப்புசாமி ஆட்டோவை நிழலில் திருப்பிக்கொண்டிருந்தான்.

“வருசா வருசமா?” என்றான் தர்மன்.

“ஆமா.”

“எனக்கு கை கால் உதறிக்கினு கெடந்தப்போ, எறும்பு ஊறுது எறும்பு ஊறுதுன்னு கத்துனப்போ, முனீஸ்வரனா வந்து பட்டான் அத்த? நான் பட்டேன். இத்தினி வருசமா நானா வுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியிறேன். நீ பின்னாடியே போயி பாட்லு ஊத்திக்கினு கீற.”

“நீ வுட்டது நீதான். யாரு இல்லன்னா? எனக்குப் பயம். பயந்தவ எதுனா புடிச்சிக்கினுதான நிப்பா.”

“இன்னும் பயமா?”

துளசி டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தாள். இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவளுக்குப் பொய் வரவில்லை.

ஜெயப்ரியா டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். “அப்பா, நீ உள்ள சொன்னது நெசமா, அம்மா சொன்னது நெசமா?”

“அம்மா சொன்னதுதான்.”

“அப்ப இன்னாத்துக்கு என்துன்ன?”

“நீ குடிச்சன்னு நெனச்சேன்.” அவன் சாலையைப் பார்த்தான். “உன் படிப்பு போவக் கூடாதுன்னு நெனச்சேன். என் பேரு ஏற்கெனவே கெட்டுப்போனதுதான, இன்னொரு வாட்டி கெட்டா இன்னான்னு நெனச்சேன்.”

“நான் உன்துன்னு நெனச்சேன்” என்றாள் அவள். குரல் உடைந்தது. “அதான் தெரியாதுன்னே சொல்லிக்கினு இருந்தேன்.”

அப்புறம் மூன்று பேரும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்கள். பேசித் தீர்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அம்மா எப்போதும் அப்பாவை மறைத்தே பேசுவாள் என்பது ஜெயப்ரியாவுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இதுவும் அப்படி ஒன்றாக இருந்தால்? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தர்மன் அதைப் பார்த்தான்.

அடுத்த நாள் மையத்துக்குப் போனான். அங்கே இருந்தவர் கடைசியாக எப்போது குடித்தாய் என்று கேட்டார். ஒன்பது வருடம் ஆகிறது என்றான். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரம் இப்படித்தான் சொல்வார்கள், அடுத்த வாரம் உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லிச் சீட்டைக் கொடுத்தார். வழியில் சொசைட்டி வாசலில் இரண்டு பேர் அவனைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். ஏனாத்தூருக்கும் கூரத்துக்கும் பஸ் ஓடுகிறது, பேச்சு ஓடாதா?

வெள்ளிக்கிழமை காலை துளசி பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாட்டில் பேச்சை அவள் எடுக்கவில்லை. தர்மனே வந்தான்.

“மச்சானுக்குப் போன் போடு. பாட்லு எடுத்தாரச் சொல்லு.”

“வேணாம். இந்த வருசம் பொங்கல் மட்டும் வெச்சிட்றேன்.”

“சாமி பங்கு நிக்கக் கூடாது. நானும் வரேன்.”

உச்சிவேளையில் ஏரிக்கரைக்குப் போனார்கள். ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பனையோலை காற்றில் சளசளத்தது. துளசி கல்லுக்குக் குங்குமம் வைத்து, பொங்கலையும் வறுத்த கருவாட்டையும் இலையில் போட்டு, சுருட்டைப் பற்ற வைத்துச் செருகினாள். பாட்டிலை எடுத்தபோது தர்மன் கையை நீட்டினான். அவள் தயங்கினாள். பிறகு கொடுத்தாள்.

மூடியைத் திருகினான். வாசனை குப்பென்று எழுந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவன் நாக்கின் அடியில் நீர் ஊறியது. அவனுக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. பாட்டிலைச் சாய்த்தான். கல்லின் காலடியில் காய்ந்த மண் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. துளசி கும்பிட்ட கையோடு நின்றாள், ஆனால் கண் கல்லின்மேல் இல்லை.

“என் கையப் பாக்காத” என்றான் அவன். “சாமியப் பாரு.”

கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினான். விரலில் பட்டதை மண்ணில் துடைத்தான். திரும்பும்போது வரப்பில் உட்கார்ந்து வாய்க்கால் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அவன் அழுகிறானோ என்று துளசிக்குப் பட்டது. கேட்கவில்லை.

வீட்டில் ஜெயப்ரியா இன்டர்வியூவுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பையோடு போனதைப் பார்த்திருந்தாள். அவர்கள் வந்ததும் சொம்பில் தண்ணீர் மொண்டு அப்பாவிடம் நீட்டினாள். வழக்கமாக வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறவள், அன்றைக்குக் கிட்டத்தில் வந்து நின்றாள். கொடுத்த பிறகும் நகரவில்லை.

தர்மனுக்குப் புரிந்தது. சொம்பைக் கீழே வைத்தான்.

“ஊதட்டுமா?” என்றான்.

வேண்டாம்பா என்று அவள் சொல்வாள், சொல்லிவிடுவாள் என்று துளசி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தர்மன் குனிந்து, மகளின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினான்.

ஜெயப்ரியா கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்தாள்.